தந்தியடித்த தேசம்



அமெரிக்க அரசியலைப் பற்றி உரையாற்றுமாறு இம்மன்றத்தார் என்னைப் பணித்தபொழுது, எந்த ஜனாதிபதியைப் பற்றிப் பேசலாம், எந்தக் கட்சியின் சரித்திரத்தை எடுத்துரைக்கலாம் என்றே முதலில் சிந்தித்தேன். சிந்திக்கச் சிந்திக்க, ஜனாதிபதிகளின் புகழையும் பழியையும் பேச எத்தனையோ பேர் இருக்கின்றார்கள், ஆனால் அவர்கள் எழுப்பிய புயலை வீட்டுக் கூடத்தில் அமர்ந்து கண்டும் கேட்டும், கோபித்தும் குமைந்தும், இறுதியில் எழுதுகோலை எடுத்தும் நின்ற சாமான்யப் பிரஜைகளைப் பற்றிப் பேசுவார் மிகச் சிலரே என்ற எண்ணம் என்னுள் ஓங்கியது. ஆகவே, 1972 ஜூன் மாதம் தொடங்கி 1974 ஆகஸ்டு மாதம் முடிவெய்திய வாட்டர்கேட் விவகாரத்தை, அதைக் கவனித்துக்கொண்டிருந்தவர்களின் கதையாக இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

ஜனாதிபதி ரிச்சர்டு நிக்சனைப் பதவியினின்று இறக்கியது நீதிமன்றம் என்பார் உண்டு; பத்திரிகை என்பார் உண்டு; காங்கிரஸ் என்பாரும் உண்டு. மூன்றுமே மெய்தான். ஆனால் நான் கேட்கிறேன்: நீதிபதிகளுக்கும் பத்திரிகையாளருக்கும் பிரதிநிதிகளுக்கும் அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது? வாக்குக் கேட்டுப் பதவிக்கு வந்தவன், வாக்களித்தவர்களின் முகத்தைப் பாராமல் ஓரடியேனும் எடுத்து வைப்பானா? மக்கள் செவி சாய்த்தார்கள். செவி சாய்த்தமையால் அரசியல் சட்டம் உயிர் பெற்று நடந்தது. இதுவே என் கட்சி.

1972 ஜூன் 17ஆம் நாள், பொழுது விடியுமுன்னர், வாஷிங்டன் நகரத்து வாட்டர்கேட் கட்டடத்தில் இரவுக்காவல் புரிந்துகொண்டிருந்த ஃபிராங்க் வில்ஸ் என்னும் இருபத்துநான்கு வயது இளைஞர், ஒரு கதவின் தாழ் விழாதபடி அதன்மேல் ஒட்டுநாடா ஒட்டியிருக்கக் கண்டார். வேலைக்காரர் யாரோ ஒட்டிவிட்டு மறந்திருக்கலாம் என்றெண்ணி அதை உரித்துவிட்டுச் சென்றார். மறுபடி சுற்றி வந்தபொழுது, அதே கதவில் மீண்டும் நாடா ஒட்டப்பட்டிருந்தது. உடனே போலீசாருக்குத் தொலைபேசி செய்தார். ஜனநாயகக் கட்சியின் தேசியத் தலைமை அலுவலகத்துக்குள் ஐந்து பேர் பிடிபட்டனர். வாரத்துக்கு ஏறத்தாழ எண்பது டாலர் ஊதியம் வாங்கிய ஒரு கறுப்பின இளைஞர், தம் கடமையை இரண்டாவது முறையும் சலிப்பின்றிச் செய்தமையால்தான் இத்தனை பெரிய சரித்திரமும் தொடங்கிற்று. அவருடைய கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன், ஏனெனில் சரித்திர நூல்கள் பெரும்பாலும் அவரை இந்த இடத்தோடு மறந்துவிடுகின்றன. சில நாள் புகழுக்குப் பிறகு நிலையான வேலை அவருக்கு வாய்க்கவில்லை. நோயுற்ற தாயாரைப் பேணிக்கொண்டு வறுமையிலேயே காலங்கழித்து, 2000ஆம் ஆண்டில், ஐம்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். அந்தத் தேசம் அவருக்குக் கடன்பட்டிருந்தது; அந்தக் கடனை அது தீர்க்கவில்லை. இதைச் சொல்லாமல் மேலே செல்ல என் நா எழவில்லை.

சரி, அந்த இரவுக்குப் பின் மக்கள் கொதித்தெழுந்தார்களா? இல்லை. ஒரு கட்சியின் அலுவலகத்தில் யாரோ புகுந்தார்களாம், பிடிபட்டார்களாம் என்று தோளைக் குலுக்கிவிட்டுத் தத்தம் வேலைக்குச் சென்றார்கள். அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனத்தார் விசாரித்தபொழுது, ஏறத்தாழப் பாதிப்பேர் அச்சம்பவத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதேயில்லை என்றனர். நவம்பர் 7ஆம் தேதி நடந்த தேர்தலில், ஐம்பது மாநிலங்களுள் நாற்பத்தொன்பதை நிக்சன் வென்றார். மாசசூசெட்ஸ் மாநிலமும் தலைநகரமும் மட்டுமே அவருக்கு எதிராக நின்றன. பிற்காலத்தில் அம்மாநிலத்தார் தங்கள் மோட்டார் வண்டிகளின் பின்புறத்தில், எங்கள்மேல் பழியில்லை, நாங்கள் மாசசூசெட்ஸ்காரர்கள் என்னும் பொருள்பட வாசகம் ஒட்டிக்கொண்டு சென்றது வேறு செய்தி. ஆகவே, நண்பர்களே, இந்த மக்கள் நிக்சனை வெறுத்த மக்கள் அல்லர். அவரை விரும்பி, நம்பி, மாபெரும் வெற்றி தந்து வெள்ளை மாளிகைக்கு அனுப்பிய மக்கள். இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

1973 பிப்ரவரியில் செனட் சபை, எழுபத்தேழு பேர் ஆதரிக்க, எதிர்ப்பார் ஒருவருமின்றி, அச்சம்பவத்தையும் அதில் ஜனாதிபதியின் ஆட்களுக்குத் தொடர்புண்டா என்பதையும் ஆராய விசாரணைக் குழுவொன்றை நியமித்தது. வட கரோலினாவைச் சேர்ந்த முதியவரான சாம் எர்வின் அதன் தலைவர். டென்னசியைச் சேர்ந்த, ஜனாதிபதியின் குடியரசுக் கட்சிக்காரரேயான ஹோவர்ட் பேக்கர் துணைத்தலைவர். மே 17ஆம் நாள் பகிரங்க விசாரணை தொடங்கியது. பகற்பொழுதில் மூன்று பெரிய தொலைக்காட்சி நிறுவனங்களும் அதை நேரே ஒளிபரப்பின. சின்னாட்களில், ஒருநாள் ஒருவர் என்று முறைவைத்துக்கொண்டு ஒளிபரப்பலாயின. பகலில் வேலைக்குச் சென்றவர்கள் இரவில் காணும்பொருட்டுப் பொதுத் தொலைக்காட்சி அன்றைய விசாரணை முழுவதையும் திரும்பவும் காட்டியது.

முதலில் என்ன நடந்தது தெரியுமா? தாங்கள் நாள்தோறும் காணும் பகற்பொழுதுத் தொடர்கதைகள் தடைப்பட்டன என்று பலர் முறையிட்டார்கள். ஆனால் வாரங்கள் செல்லச் செல்ல, அந்தத் தொடர்கதைகளைக் கண்ட கண்களே இந்த விசாரணையைவிட்டு அகலாமல் நிலைத்தன. இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டவர்கள், கடையில் வியாபாரத்தினூடே கேட்டவர்கள், மதுக்கூடங்களில் பந்தாட்டத்தை நிறுத்திவிட்டுக் கேட்டவர்கள், செனட் மண்டபத்தில் ஓரிடம் கிடைக்கும் என்று அதிகாலையிலேயே வந்து வரிசையில் நின்றவர்கள் என்று, அந்தக் கோடை முழுவதும் ஒரு பெரிய தேசமே ஒரு சாட்சிக் கூண்டைச் சுற்றிக் கூடியிருந்தது. தொலைக்காட்சி உள்ள வீடுகளுள் நூற்றுக்கு எண்பத்தைந்து, அவ்விசாரணையில் ஒரு பகுதியையேனும் கண்டன என்று கணக்கிட்டிருக்கின்றார்கள்.

ஜூன் 25ஆம் நாள் ஜனாதிபதியின் முன்னாள் சட்ட ஆலோசகரான ஜான் டீன், 245 பக்க வாக்குமூலம் ஒன்றை வாசிக்கத் தொடங்கினார். ஏற்ற இறக்கமில்லாத குரலில், தேதி தேதியாக, அறை அறையாக, யார் எங்கே யாரிடம் என்ன சொன்னார் என்று ஏறத்தாழ நாள் முழுவதும் அவர் வாசித்தார். அதில் நாடகம் ஏதுமில்லை, அலங்காரம் ஏதுமில்லை. மக்கள் கேட்டார்கள்! ஆறு மணிநேர வாசிப்பை ஒரு தேசம் பொறுமையாகக் கேட்டது என்றால், சாமான்ய மக்களுக்கு நுட்பமான விஷயங்கள் எட்டா, அவர்களுக்கு வேண்டுவது வேடிக்கையே என்று ஏளனம் செய்கின்ற கல்விமான்கள் அதற்கு என்ன விடை கூறுவார்கள்? ஜனாதிபதி எதை அறிந்திருந்தார், எப்பொழுது அறிந்தார் என்று பேக்கர் எழுப்பிய கேள்வியை, அடுத்த ஓராண்டு முழுவதும் சவரக் கடைகளிலும் சாப்பாட்டு மேசைகளிலும் மக்கள் தாமே எழுப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஜூலை 16ஆம் நாள் அலெக்சாண்டர் பட்டர்ஃபீல்டு என்ற முன்னாள் மாளிகை அதிகாரி சாட்சி சொல்ல வந்தார். ஜனாதிபதியின் அறையில் நடக்கும் உரையாடல்கள் யாவும் ஒலிநாடாக்களில் பதிவாகின்றன என்று அவர் சொன்ன அந்தக் கணத்தில், டீன், ஜனாதிபதி ஆகிய இருவர் வார்த்தைகளுள் எது மெய் என்று தடுமாறிக்கொண்டிருந்த மக்களுக்கு வழி பிறந்தது. நாடாக்களைப் போட்டுக் கேட்டால் போயிற்று! அவற்றைத் தர மறுப்பவர் எதற்காக மறுக்கிறார்? சட்டம் படியாத குடியானவனும் கேட்கக்கூடிய கேள்வி அது, கேட்கவும் செய்தான்.

இனி, அன்பர்களே, இந்தச் சரித்திரத்தில் என்னை மிகவும் கவர்ந்த பகுதிக்கு வருகிறேன். அது தந்தியின் கதை.

நிக்சனின் பொதுவாழ்வைத் தந்தியின் துணையின்றி எழுதவே இயலாது. 1952ஆம் ஆண்டில், உப ஜனாதிபதி பதவிக்கு வேட்பாளராக நின்றபொழுது, பதினெண்ணாயிரம் டாலர் இரகசிய நிதியொன்றை அவர் அனுபவித்தார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. வேட்பாளர் பட்டியலினின்று அவரை நீக்கவேண்டும் என்று சொந்தக் கட்சியாரே வற்புறுத்தினர். செப்டம்பர் 23ஆம் நாளிரவு அவர் தொலைக்காட்சியில் தோன்றி, தம் வீட்டுக் கடனையும், மனைவியின் எளிய துணிக் கோட்டையும், பிள்ளைகளுக்கு அன்பளிப்பாக வந்த செக்கர்ஸ் என்ற நாய்க்குட்டியையும் பற்றிப் பேசி, நான் விலகவேண்டுமா வேண்டாமா என்று கட்சித் தலைமைக்கு எழுதுங்கள், தந்தியடியுங்கள் என்று வேண்டிக்கொண்டார். முகவரியைச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது. முகவரி தெரியாவிட்டால் என்ன? தெரிந்த முகவரிகளுக்கெல்லாம் தந்திகள் பறந்தன. லட்சக்கணக்கில் குவிந்த அந்தத் தந்திகளும் கடிதங்களுமே அவரைக் காப்பாற்றின. பதினேழு ஆண்டுகள் கழிந்து, 1969 நவம்பரில் வியட்நாம் போரைப் பற்றி அவர் ஆற்றிய உரைக்குப் பின்னும் ஆயிரமாயிரமாகத் தந்திகள் வந்தன. அவற்றை மேசைமேல் மலைபோல் குவித்து, அதன் நடுவே அமர்ந்து அவர் படமெடுத்துக்கொண்டார். அவற்றுள் ஒரு பகுதி மாளிகை ஊழியர்களின் ஏற்பாட்டினால் வந்தது என்று, முன்னே குறிப்பிட்ட பட்டர்ஃபீல்டே வெகுகாலத்துக்குப் பின் கூறினார். மக்களின் குரலைப் போலி செய்யவேண்டும் என்று ஓர் அரசாங்கத்துக்குத் தோன்றுகிறதென்றால், மெய்யான குரலுக்கு அது எவ்வளவு அஞ்சியிருக்கவேண்டும்!

1973 அக்டோபர் வந்தது. மேற்கு ஆசியாவில் போர் மூண்டிருந்தது. வேறொரு லஞ்ச விவகாரத்தில் சிக்கிய உப ஜனாதிபதி ஸ்பைரோ ஆக்னியூ பத்தாம் தேதி ராஜினாமா செய்திருந்தார். இருபதாம் தேதி சனிக்கிழமை. இவ்விவகாரத்தை விசாரிக்க நியமனம் பெற்று, ஒலிநாடாக்களைத் தரும்படி விடாப்பிடியாக நின்ற விசேஷ வழக்குரைஞர் ஆர்ச்சிபால்டு காக்ஸ் அன்று பிற்பகலில் பத்திரிகையாளர்களைச் சந்தித்து, நாடாக்களுக்குப் பதிலாக ஜனாதிபதி முன்வைத்த யோசனைக்குத் தம்மால் ஏன் இணங்க இயலாது என்பதைப் பதற்றமின்றி, மாணவருக்குப் பாடஞ்சொல்லும் ஆசிரியரைப்போல விளக்கியதை மக்கள் தொலைக்காட்சியில் கண்டனர். இரவு எட்டு மணிக்கு மேல், நிகழ்ச்சிகளை இடையிலே நிறுத்திச் செய்தி ஒலித்தது. காக்ஸை நீக்கும்படி ஜனாதிபதி ஆணையிட்டார். அதை நிறைவேற்ற மறுத்து அட்டர்னி ஜெனரல் எலியட் ரிச்சர்ட்சன் ராஜினாமா செய்தார். அவருக்கு அடுத்தவரான வில்லியம் ரக்கல்ஷாஸும் மறுத்து வெளியேறினார். மூன்றாமவரான ராபர்ட் போர்க் கையொப்பமிட்டார். காக்ஸின் அலுவலகத்தை எஃப்.பி.ஐ. அதிகாரிகள் சென்று அடைத்துக் காவல் நின்றனர். நீதியின் அலுவலகத்தை அரசாங்கமே அடைக்கின்ற காட்சியை அந்நாட்டு மக்கள் அதற்கு முன் கண்டதில்லை. சட்டத்தின் ஆட்சி தொடருமா என்பதைக் காங்கிரசும் முடிவாக மக்களுமே தீர்மானிக்க வேண்டும் என்ற கருத்தைச் சொல்லிவிட்டுக் காக்ஸ் விடைபெற்றார்.

மக்கள் தீர்மானித்தார்களா? தீர்மானித்தார்கள். அன்றிரவே தீர்மானித்தார்கள். ஊர்வலத்துக்கு நாள் பார்க்கவில்லை. தலைவர் எவரும் அழைக்கவுமில்லை. அவரவர் வீட்டிலிருந்து, அவரவர் சொற்களில், வெஸ்டர்ன் யூனியன் தந்தி நிலையங்களுக்குச் செய்தி கொடுக்கத் தொடங்கினார்கள். தந்திக் கம்பிகள் திணறின, ஊழியர்கள் திணறினர். முதற்சில நாட்களிலேயே தலைநகரத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட தந்திகள் வந்து குவிந்தன; அவற்றுள் மிகப்பெரும்பாலானவை ஜனாதிபதிக்கு எதிரானவை. மாளிகைக்கு வெளியே, பதவி நீக்கத்தை விரும்புவோர் ஒலியெழுப்புக என்று அட்டை தாங்கி நின்றவர்களைக் கடந்து சென்ற வண்டியோட்டிகள் இரவும் பகலும் ஹாரனை ஒலித்தவண்ணம் சென்றனர். காலமெல்லாம் குடியரசுக் கட்சிக்கே வாக்களித்த பட்டணங்களினின்றும், பிரதிநிதிகள் தம் சொந்த ஊர்க்காரர் என்று பெயரறிந்து பழகியவர்களிடமிருந்தும் தந்திகள் வந்தன. செவ்வாய்க்கிழமை விடிந்தது. அன்றே பிரதிநிதிகள் சபையில் பதவி நீக்கத் தீர்மானங்கள் பல தாக்கலாயின. அன்று பிற்பகலிலேயே, ஜனாதிபதி நாடாக்களை ஒப்படைப்பார் என்று அவருடைய வழக்கறிஞர், நாடாக்கள் வழக்கை விசாரித்த நீதிபதி சிரிக்காவின் முன் அறிவித்தார். பத்து நாட்களுள் லியோன் ஜவர்ஸ்கி என்ற புதிய விசேஷ வழக்குரைஞர் நியமனம் பெற்றார். 1952இல் தந்தியால் மீண்டவர், 1973இல் தந்தியின்முன் பணிந்தார்!

ஆயினும், மக்கள் ஆத்திரத்தில் முடிவு கட்டிவிட்டார்கள் என்று எண்ணிவிட வேண்டா. ஊர் கூடி இழுக்கும் பெருந்தேர் நிலைவிட்டுப் பெயர்வதைப்போல, மெல்ல மெல்லவே அபிப்பிராயம் அசைந்தது. ஜனாதிபதி பதவி நீக்கப்பட வேண்டும் என்றவர்கள் 1973 ஜூனில் நூற்றுக்குப் பத்தொன்பதே பேர். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகும் முப்பத்தெட்டே பேர். 1974 ஆகஸ்டு தொடக்கத்தில்தான் ஐம்பத்தேழு. தாங்கள் நம்பிய ஒருவரைக் கைவிட எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டார்கள்! அதைத் தாமதம் என்று சிலர் குறை கூறுவர். நான் அதை நியாயம் என்பேன். சாட்சியம் வர வர அசைந்து, சாட்சியம் நின்றபொழுது நின்ற மனங்கள் அவை. கடைசிவரை அவரை விட்டகலாதவர்களையும் நான் இகழமாட்டேன். பாரூக் கோர்ஃப் என்ற யூத மதகுரு ஜனாதிபதிக்கு நியாயம் வேண்டிப் பிரஜைகளின் குழுவொன்றை அமைத்து, பத்திரிகைகளில் விளம்பரங்கள் வெளியிட்டார். அவருக்கும் சிறு சிறு நன்கொடைகள் சாமான்யர்களிடமிருந்தே வந்தன. அவர்களும் கேட்டுக்கொண்டிருந்தவர்களே, அவர்கள் கேட்டது வேறு.

1974 ஏப்ரல் இறுதியில், பின்னர் கேட்கப்பட்ட மேலும் பல நாடாக்களைத் தருவதற்குப் பதிலாக, உரையாடல்களை எழுத்து வடிவில் ஆயிரத்திருநூறு பக்கத்துக்கு மேற்பட்ட தொகுப்பாக மாளிகை வெளியிட்டது. அது மலிவுப் பதிப்புகளாகச் சில நாட்களிலேயே அச்சாகி லட்சக்கணக்கில் விற்றது. குடியரசுக் கட்சியின் உற்ற துணையாக விளங்கிய சிகாகோ டிரிப்யூன் பத்திரிகை அதை முழுமையாக அச்சிட்டது. அச்சிட்டதை வாசித்தபின், மே 9ஆம் நாள், ஜனாதிபதி விலகவேண்டும் என்று அதுவே தலையங்கம் எழுதியது. தம் மாளிகையில் அமர்ந்து ஒரு நாட்டுத் தலைவர் இப்படியா பேசுவார் என்று, மாதாகோவிலுக்குத் தவறாமல் செல்லும் சிற்றூர்க் குடும்பத்தினர் மனம் நொந்தனர். வசைமொழி வரும் இடமெல்லாம், வசைமொழி நீக்கப்பட்டது என்ற அடைப்புக்குறியே அத்தொகுப்பில் நிறைந்திருந்தது.

அவ்வாண்டு ஜூலை 24ஆம் நாள், உச்ச நீதிமன்றம் ஒருமித்து எட்டு நீதிபதிகளின் தீர்ப்பாக நாடாக்களைக் கொடுத்தேயாக வேண்டும் என்றது. அன்று மாலையே பீட்டர் ரொடினோ தலைமையில் பிரதிநிதிகள் சபையின் நீதிக்குழு, தொலைக்காட்சியின் முன்னிலையில் விவாதத்தைத் தொடங்கியது. மறுநாள் இரவு, டெக்சஸ் மாநிலத்துப் பார்பரா ஜோர்டன் அம்மையார் பேசினார். 1787இல் அரசியல் சட்டம் எழுதப்பட்டபொழுது, மக்களாகிய நாங்கள் என்ற தொடரில் என்னைப் போன்றவர்கள் சேரவில்லை என்று தொடங்கிய அந்தக் கறுப்பினப் பெண்மணி, பின்னர் வந்த திருத்தங்களாலும் தீர்ப்புகளாலும் தாமும் அதில் சேர்ந்ததைச் சொல்லி, அதனால் அச்சட்டத்தின்மேல் தமக்குள்ள நம்பிக்கை முழுமையானது என்றார். எவரை அச்சட்டம் ஒரு காலத்தில் விலக்கி வைத்ததோ அவரே அதன் காவலராக நின்றதைக் கண்டு, கண்டவர்கள் உள்ளம் உருகியது. அவருடைய ஹூஸ்டன் நகரத்தில், எங்களுக்கு அரசியல் சட்டத்தை விளக்கியமைக்கு நன்றி என்று ஒருவர் தம் செலவில் பெரிய விளம்பரப் பலகைகளை நிறுத்தினார். பட்டம் பெறாத, பதவி வகிக்காத ஒரு பிரஜை தன் பிரதிநிதிக்குச் செலுத்தக்கூடிய மரியாதைகளுள் இதனினும் உயர்ந்ததை நான் கேள்விப்பட்டதில்லை.

அக்குழு, குடியரசுக் கட்சியினர் அறுவர் உட்பட இருபத்தேழு பேர் ஆதரிக்க, பதினொருவர் எதிர்க்க, முதற்குற்றச்சாட்டை நிறைவேற்றிய பின் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். ஆகஸ்டு 5ஆம் நாள் வெளியான நாடா, ஜனாதிபதி தொடக்கத்திலேயே விசாரணையைத் தடுக்க முயன்றதை அவர் குரலிலேயே காட்டியது. எட்டாம் தேதி இரவு, பத்துக்கோடிக்கு மேற்பட்ட மக்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவர் பதவி விலகலை அறிவித்தார்.

ஆனால் மக்களின் கவனம் அன்றோடு கலைந்துவிடவில்லை. செப்டம்பர் 8ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, புதிய ஜனாதிபதி ஜெரால்டு ஃபோர்டு, நிக்சனுக்கு முழு மன்னிப்பு அளித்தார். மீண்டும் தொலைபேசிகள் அலறின. மீண்டும் தந்திகள் பறந்தன. எழுபத்தொரு விழுக்காடாக இருந்த ஃபோர்டின் ஆதரவு அம்மாதத்துக்குள்ளேயே ஐம்பதை ஒட்டிச் சரிந்தது. அக்டோபர் 17ஆம் நாள், ஃபோர்டு தாமே சபையின் உபகுழுவின்முன் வந்தமர்ந்து, பேரம் ஏதும் நடந்ததா என்ற கேள்விக்குப் பதில் சொன்னார். பதவியிலிருக்கும் ஒரு ஜனாதிபதி, பிரதிநிதிகளின் கேள்விக்கு நேரில் விடையளிக்க வந்ததற்குப் பிரஜைகளின் சினமே காரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

நவம்பர் தேர்தலில் ஜனநாயகக் கட்சிக்குப் பிரதிநிதிகள் சபையில் முன்னிலும் நாற்பத்தொன்பது இடங்கள் கூடுதலாகக் கிடைத்தன. இளைஞர் பலர் முதன்முறையாகக் காங்கிரசுக்குள் நுழைந்தனர். அதே தேர்தலில், வாக்களிக்க வந்தவர்களின் தொகை நான்காண்டுகளுக்கு முந்திய இடைக்காலத் தேர்தலைவிடக் கணிசமாகக் குறைந்தும் போயிற்று. வாக்குரிமை பெற்ற பத்துப்பேருள் ஏறத்தாழ ஆறுபேர் வாக்குச்சாவடிக்கு வரவில்லை. இரண்டு கோடைகள் விழித்திருந்து கேட்ட தேசத்தில், கேட்டவற்றால் மனங்கசந்து வீட்டிலேயே இருந்துவிட்டவர்களும் உண்டு. தந்தியடித்தவர்களைப் போற்றிய இந்த உரையில் அவர்களை மறைத்துவிட என் மனம் ஒப்பவில்லை; அவர்கள் ஏன் வரவில்லை என்பதை, அவ்விவகாரத்தைப் பற்றி எழுதிய ஆசிரியர்கள் இன்னும் போதிய அளவு ஆராயவில்லை என்றே கருதுகிறேன். இம்மன்றத்து இளைஞர்களுள் எவரேனும் அவ்வாராய்ச்சியை மேற்கொள்வார்களானால் பெரிதும் மகிழ்வேன்.